நெஞ்சு வழி

இதயம் இடது பக்கத்தில் இருக்கிறது என்று இத்தனை வருடமாக நம்பிவந்திருக்கிறீர்கள். இதை உங்களிடம் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. அது அங்கே இல்லை. நடுவில் இருக்கிறது. நெஞ்செலும்புக்கு நேர் பின்னால், நுனி மட்டும் இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்து. அதோ அந்தச் சுவரில் மாட்டியிருக்கிறார்களே சிரிக்கிற இதயம், சட்டைப் பையில் செருகிய மாதிரி ஓரமாக, அதை வரைந்தவனும் உங்களைப் போல நம்பியவன்தான். கீழே எழுதியிருப்பதைப் பாருங்கள். 'இதயத்தை பாதுகாப்போம்'. இதயத்தைப் பாதுகாப்போம் என்று ஒற்று வர வேண்டும். ஒரு 'ப்' போடத் தெரியாதவர்கள் இதயத்தை எங்கே பாதுகாக்கப் போகிறார்கள்?

கையை எடுத்து நடுவில் வையுங்கள். அங்கேதான். டோக்கன் எத்தனை உங்களுக்கு? பதினெட்டா. அப்படியானால் நேரம் இருக்கிறது. உள்ளே பதினான்குதான் போயிருக்கிறது. பதினான்கு என் மனைவி. இல்லை, நான் உள்ளே போகவில்லை. அவள் தனியாகத்தான் போவாள்.

நான் சேலத்தில் ஒரு பதிப்பகத்தில் முப்பத்தெட்டு வருடம் புரூப் பார்த்தவன், அச்சுப் பிழை திருத்தியவன். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நோட்ஸ் போடுகிற பதிப்பகம். அதனால்தான் இப்படிப் பேசுகிறேன், அச்சடித்த மாதிரி. என் தங்கை கஸ்தூரி கேலி செய்வாள், "அண்ணா வாயத் தொறந்தா அடிக்குறிப்போடதான் வரும்" என்று. செய்யட்டும். பிழையாகப் பேசி நல்ல பெயர் வாங்குவதில் எனக்கு விருப்பம் இல்லை.

ஆனால் இன்றைக்கு நான் கோபத்தில் இருக்கிறேன். இன்றைக்கு என்ன இன்றைக்கு, ஆறு மாதமாகக் கோபத்தில் இருக்கிறேன். இரண்டே இரண்டு சொற்கள் மேல். 'ஒன்றும் இல்லை.' இதே ஊரில் வேறோர் ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய டாக்டர் சொன்னது. பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் இன்னும் கோபம் வரும். ஒன்றும் இல்லை! அந்த 'உம்' இருக்கிறதே, அது முற்றும்மை. 'ஒன்று இல்லை' என்றால் ஒன்றுதான் இல்லை. 'ஒன்றும் இல்லை' என்றால் எதுவுமே இல்லை, முழுசாகத் துடைத்துவிட்டது என்று பொருள். அந்த 'உம்'மை அவ்வளவு சுலபமாகப் போடலாமா ஒரு படித்த மனிதர்?

முதலிலிருந்து சொல்கிறேன். என் மனைவி பெயர் நாகரத்தினம். அவளைக் கேட்டால் நாகரத்னா என்பாள். தமிழில் 'த்ன' என்று சேர்ந்து வராது, அதனால் நான் நாகரத்தினம் என்றுதான் எழுதுவேன். ரேஷன் கார்டிலும் மாற்றிவிட்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆடி மாதம் அவளுக்குத் தாடையில் வலி வந்தது. மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனால் வலிக்கும், இறங்கி வந்து உட்கார்ந்தால் போய்விடும். பல் என்று நினைத்தோம். பல் டாக்டர் ஒரு கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினார். பிடுங்கிய பிறகு வெளிச்சத்தில் காட்டிப் பார்த்து, "நல்ல பல்லுதாங்க" என்றார். நல்ல பல்! அதற்குப் பிறகும் மாடி ஏறினால் வலித்தது. பிறகு நெஞ்சுக்கு வந்தது. யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது என்றாள்.

பெரிய டாக்டரிடம் போனோம். மணிக்கட்டு வழியாகக் கம்பி விட்டு ஆஞ்சியோ எடுத்தார்கள். நான் வெளியே இதே மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அரைமணி நேரத்தில் அவர் வந்தார், கையுறையைக் கழற்றிக்கொண்டே. "ஒண்ணும் இல்ல சார். குழாயெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கு. அடைப்பே இல்ல. வாயுவா இருக்கும்." அவ்வளவுதான், போய்விட்டார்.

எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? மாரடைப்பு என்கிற சொல்லிலேயே அடைப்பு இருக்கிறது. அடைப்பு இல்லையென்றால் மிச்சம் என்ன, வெறும் மார். அதை வைத்துக்கொண்டு எப்படி நோய் வரும்? நான் அப்படித்தான் யோசித்தேன். தர்க்கத்தில் ஓர் ஓட்டையும் இல்லை, நீங்களே சொல்லுங்கள்.

அறிக்கையைக் கையில் வாங்கியதும் வாசித்தேன். இரண்டு பக்கம், ஆங்கிலம். மூன்று எழுத்துப் பிழை! கரோனரி என்கிற சொல்லில் ஓர் எழுத்தைக் காணோம். நோயாளியின் பெயரில் ஒன்று. கடைசி வரியில், தொடர்ந்தால் என்று பொருள்படும் ஒரு சொல்லில் எழுத்து இடம் மாறிக் கிடந்தது. மூன்றையும் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அந்தக் கவுண்டர் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இருந்தாலும் திருத்திப் புதிதாக அச்சடித்துக் கொடுத்தாள். பிழையில்லாத அறிக்கை. சட்டம் போட்டு மாட்டலாம். மாட்டவில்லை, பிளாஸ்டிக் உறையில் போட்டு டிவி பக்கத்தில் வைத்தேன்.

அது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் அடிக்கடி எடுக்க வேண்டியிருந்தது. "ஏங்க, நெஞ்சப் பிடிக்குதுங்க" என்பாள். நான் எழுந்து போய் அறிக்கையை எடுத்துவந்து அவள் முன்னால் வைப்பேன். "நாகரத்தினம், இது என்ன சொல்கிறது? படி." "எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்களே." "நான் படிக்கிறேன். நார்மல்." அவள் அறிக்கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். பார்த்தீர்களா, எழுத்துக்கு இருக்கிற மரியாதை!

ஒரு தடவை கஸ்தூரி பெண்ணுக்குக் கல்யாணம். மண்டபத்தில் நாகரத்தினம் தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போனவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள், முகமெல்லாம் வேர்வை. கஸ்தூரி சொன்னாள், "அண்ணிக்கு வேலைன்னா மட்டும் வந்துடும்." நான் விடுவேனா? "இவள் இதயத்துக்குக் குடத்தைக் கண்டால்தான் பயம், குழாயில் அடைப்பு இல்லை, குடத்தில்தான் அடைப்பு" என்றேன். மண்டபமே சிரித்தது. குழாய், குடம். பொருத்தமாக அமைந்துவிட்டது, ஒத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கும் சொந்தக்காரர்கள் யாராவது போன் செய்தால் அந்தக் குடக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். ஆனால் கஸ்தூரி சொன்னதை மட்டும் நான் மன்னிக்கவில்லை. வேலைக்குப் பயந்து நடிக்கிறாள் என்பது போல ஒரு பேச்சா? ஆறு மாதமாகக் கஸ்தூரியோடு சரியாகப் பேசுவதில்லை. கதை கேட்டால் மட்டும் சொல்வேன்.

இப்படியே பதினான்கு மாதம் போயிற்று. ஒருநாள் ஒரு போன். "நாகரத்னம்மா வீடுங்களா? நாளைக்கு ஸ்கேனுக்கு வரும்போது கூட ஒரு ஆள் வரணும்." எந்த ஸ்கேன்? யார் சொன்னது? கேட்டால், கஸ்தூரி வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இரண்டு வாரமாக இங்கே வந்துகொண்டிருந்திருக்கிறாள். இரண்டு பஸ் மாறி. தனியாக! இந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிற டாக்டர் ஹேமாவதியிடம். எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்கள். நாற்பது வருடமாகக் கூட இருக்கிறவன், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

இதோ, நர்ஸம்மா பார்க்கிறாள். என்னம்மா? "சார், கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. ரூமுக்குள்ள கேக்குது." சரி சரி. 'அமைதி காக்கவும்' என்று எழுதியிருக்கிறார்கள், அதில் பிழை இல்லை, அதனால் மதிக்கிறேன்.

மருந்து ஏற்றி எடுக்கிற ஓர் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். எடுத்துவிட்டு டாக்டர் ஹேமாவதி எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். "சார், ஆஞ்சியோல தெரியறது மேல ஓடற பெரிய ரத்தக்குழாய் மட்டும்தான். அதுலேர்ந்து பிரிஞ்சு இதயத் தசைக்குள்ள போகுது பாருங்க, தலைமுடியவிடச் சன்னமா, அதுங்க படத்துல வராது. அம்மாவுக்கு அந்தச் சின்னக் குழாய்ங்கதான் விரிய வேண்டிய நேரத்துல விரிய மாட்டேங்குது. மாடி ஏறும்போது இதயத்துக்கு ரத்தம் பத்தலை. அந்த வலி நிஜம்."

"அடைப்பே இல்லாமல் எப்படி?" என்றேன்.

"நீங்க புத்தகம் திருத்தறவராமே, அம்மா சொன்னாங்க. அட்டையை மட்டும் பார்த்துட்டு உள்ள பிழையே இல்லைனு எழுதிக் கொடுப்பீங்களா?"

நல்ல உவமை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டியது. நான் நாகரத்தினத்தைப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். நோய் இருக்கிறது என்று சொன்னதற்கு அழுகிற மனுஷியை அன்றைக்குத்தான் பார்த்தேன். "நெஜம்னு சொன்னாங்களே, கேட்டீங்களா?" என்றாள் என்னிடம். அதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது?

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். "இதைச் சும்மா விட்டா அட்டாக் வரைக்கும் போகலாம். எப்பெப்ப வலி வருது, அப்ப என்ன செஞ்சிட்டிருந்தீங்க, எவ்வளவு நேரம் இருந்துச்சு, எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்கம்மா. அதை வெச்சுத்தான் மாத்திரையை மாத்தணும். வேலை செஞ்சாதான் வரும்னு இல்ல. மனசு கஷ்டப்பட்டாலும் வரும், வீட்டுல சண்டைன்னாலும் வரும்."

"எங்கள் வீட்டில் சண்டையே கிடையாது" என்றேன். உண்மை. அவள் திருப்பிப் பேசினால்தானே சண்டை.

சரி, என் கோபத்துக்கு வருகிறேன். மறுநாளே நான் அந்தப் பெரிய டாக்டரிடம் போனேன். சண்டை போட அல்ல. ஒரு பிழைதிருத்தம் கேட்டுப் போனேன். புத்தகம் அச்சான பிறகு பிழை தெரிந்தால் கடைசியில் ஒரு துண்டுத்தாள் ஒட்டுவோம், இந்தப் பக்கத்தில் இதற்குப் பதில் இதை வாசிக்கவும் என்று. அப்படி ஒரு தாளை நானே எழுதிக்கொண்டு போனேன். "'ஒன்றும் இல்லை' என்பதற்குப் பதிலாக 'எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை' என்று வாசிக்கவும்." கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்துக் கொடுங்கள், அந்தப் பிளாஸ்டிக் உறைக்குள் வைக்க வேண்டும் என்றேன்.

அவர் என்னைப் பார்த்ததுமே, "என்ன சார், மறுபடி ஸ்பெல்லிங்கா?" என்றார். திமிரைப் பார்த்தீர்களா? தாளை நீட்டினேன். வாசித்தார். சிரிக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். பிறகு, "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, தப்புதான்" என்றார். அதற்கப்புறம் கம்ப்யூட்டரில் எதையோ தேடித் திருப்பிக் காட்டினார்.

"இந்தக் கடைசி வரியப் படிச்சீங்களா சார்?"

"படித்தேனாவா! அதில் இருந்த பிழையைத் திருத்தியதே நான்தான்."

"அது தெரியும். என்ன சொல்லுது அந்த வரி?"

வாசித்தேன். வலி தொடர்ந்தால் இரண்டு மாதத்துக்குள் மறுபடி வரவும், மேற்கொண்டு பரிசோதனை தேவை. அப்படி இருந்தது.

"நீங்க வரலையே சார்" என்றார்.

உங்களுக்கு எங்கள் தொழில் தெரியாது, அதனால் விளக்குகிறேன். புரூப் பார்க்கிறவன் பொருளுக்கு வாசிக்கக் கூடாது. பொருளுக்குள் போய்விட்டால் கண் பிழையைத் தாண்டிவிடும். எழுத்து எழுத்தாகத்தான் போக வேண்டும். நாங்கள் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே அதுதான். நான் அந்த வரியில் பிழையைப் பார்த்தேன், திருத்தினேன், என் வேலை முடிந்தது. அவ்வளவு முக்கியமான செய்தியைக் கொண்டுபோய்க் கடைசி வரியில், அதுவும் எழுத்துப் பிழையோடு போட்டது யார் குற்றம்? பிழை இல்லாமல் போட்டிருந்தால் நான் ஒருவேளை பொருளைக் கவனித்திருப்பேன். இதை அவரிடம் சொன்னேன். அவர் எழுந்து நின்று கும்பிட்டார். கும்பிட்டால் போயிற்றா? கையெழுத்துப் போடவில்லை. அந்தத் தாள் இப்போதும் என் பையில் இருக்கிறது. காட்டட்டுமா? வேண்டாமா. சரி.

இப்போது நோட்டு. அதைப் பற்றிக் கேளுங்கள், உங்களுக்குச் சிரிப்பு வரும்.

நாகரத்தினம் ஓசூருக்கு அந்தப் பக்கம் பேரிகையில் பிறந்தவள். எட்டாம் வகுப்பு வரை தெலுங்குப் பள்ளிக்கூடம். எங்கள் வீட்டிலும் அம்மா காலம் வரை தெலுங்குதான், ஆனால் கல்யாணமான அன்றே நான் சொல்லிவிட்டேன், இந்த வீட்டில் இனிமேல் தமிழ் என்று. அவளாகவே தமிழ் எழுதக் கற்றுக்கொண்டாள். முதல் வருடம் பிறந்த வீட்டிலிருந்து ஒரு கடிதம் போட்டாள். 'மாமாவுக்குப் பலம் வாங்கி அனுப்பியிருக்கிறேன்' என்று இருந்தது. பழத்தைத்தான் சொல்கிறாள். என் அப்பாவுக்கு இவள் எங்கே போய்ப் பலம் வாங்குவாள்? விழுந்து விழுந்து சிரித்தோம். சிவப்பு மையில் திருத்தி அந்தக் கடிதத்தையே திருப்பி அனுப்பினேன். அன்றிலிருந்து அவளுக்கு ழகரத்தின் மேல் ஒரு பயபக்தி. சந்தேகம் வந்தால் ழ. சந்தேகம் வராவிட்டாலும் ழ. காலை காழை ஆகும், வேலை வேழை ஆகும். எங்கிருந்துதான் இந்தப் பழக்கம் வந்ததோ.

டாக்டர் சொன்னபடி ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். எழுதி அரிசி டின் மேல் வைத்துவிடுவாள். ஒருநாள் நான் காப்பித்தூள் தேடியபோது கண்ணில் பட்டது. பிரித்தால், ஐயோ! 'நெஞ்சு வழி.' பக்கம் பக்கமாக வழி. வலியை வழி என்று எழுதியிருக்கிறாள்! ஒரு டாக்டரிடம் காட்டப்போகிற நோட்டு, என் வீட்டிலிருந்து போகிற நோட்டு, அப்படியே விடுவேனா? பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

எனக்கு மனப்பாடமாகவே இருக்கிறது, கேளுங்கள். 'செவ்வாய்க் காழை. மாடிப்படி ஏறினேன். நெஞ்சு வழி. ஐந்து நிமிடம்.' இரண்டு பிழை. 'புதன். அவர் ரிப்போர்ட்டை எடுத்து வந்து படித்தார். வழி. பத்து நிமிடம்.' இங்கே 'அவர்' என்கிறாளே, யார் என்று தெளிவில்லை. முன்னால் ஒரு பெயர் வந்திருந்தால்தான் பின்னால் 'அவர்' போடலாம். ஓரத்தில் 'அவர் — யார்?' என்று குறித்தேன். 'வியாழன். அவர் போனில் குடக் கதை சொல்லிச் சிரித்தார். வழி. இருபது நிமிடம். நாக்குக்கு அடியில் மருந்து அடித்துக்கொண்டேன்.' மறுபடியும் அவர். மறுபடியும் 'யார்?' என்று குறித்தேன். 'வெள்ளி, சனி. அவர் ஈரோடு போயிருந்தார். மாடி ஏறினேன். இல்லை.' எது இல்லை? எழுவாயே இல்லாத வாக்கியம். 'எது?' என்று எழுதினேன். மொத்தம் முப்பத்தொரு வழி. முப்பத்தொன்றையும் வலியாக்கினேன். ஒன்றரை மணி நேரம் பிடித்தது. திரும்ப அரிசி டின் மேலேயே வைத்துவிட்டேன்.

சாயங்காலம் எடுத்துப் பார்த்தாள். நின்றபடியே எல்லாப் பக்கத்தையும் புரட்டினாள்.

"எல்லாத்தையும் படிச்சீங்களா?"

"ஓர் எழுத்து விடாமல்."

"என்ன எழுதியிருக்கேன்?"

"முப்பத்தோர் இடத்தில் ழகரம் போட்டிருக்கிறாய். வழி என்றால் பாதை. நெஞ்சு வழி என்றால் நெஞ்சுக்குப் போகிற ரோடு."

நோட்டை மூடினாள். "சரிங்க" என்றாள்.

அடுத்த தடவை இங்கே வந்தபோது அந்த நோட்டை டாக்டரிடம் கொடுத்தாள். டாக்டர் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். சிவப்பு மையைப் பார்த்தார். 'அவர் — யார்?' என்கிற இடத்தில் நின்றார். "இது யார் எழுதினது?" என்றார். நான் கையைத் தூக்கினேன். பாராட்டுவார் என்று நினைத்தேன், மறைப்பானேன். டாக்டருக்குச் சித்தூர்ப் பக்கம் போலிருக்கிறது. திடீரென்று நாகரத்தினத்திடம் தெலுங்கில் பேச ஆரம்பித்துவிட்டார். "நொப்பி எப்புடு எக்குவம்மா?" நொப்பி என்றால் வலி. வலி எப்போது அதிகம் என்று கேட்கிறார். இவள் தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் என் பக்கம் திரும்பி, "சார், நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க" என்றார்.

கொஞ்சம் என்றுதான் சொன்னார். இது நான்காவது மாதம். யாரிடம் கோபப்படுவது, சொல்லுங்கள்? எல்லாம் அந்த இரண்டு சொல்லால் வந்த வினை. அன்றைக்கே அவர் அந்த 'உம்'மைப் போடாமல் இருந்திருந்தால் நானும் இப்போது உள்ளே உட்கார்ந்திருப்பேன்.

கதவு திறக்கிறது. இல்லை, அவள் இல்லை, யாரோ மருந்துச் சீட்டு வாங்க வந்திருக்கிறார்கள். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கிறதா? அவள்தான். மாடி ஏறினாலும் இப்போது முன்பு மாதிரி உட்கார்ந்துவிடுவதில்லை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். என்ன மாத்திரை மாற்றினார்கள் என்று எனக்குத் தெரியாது.

புது நோட்டு வாங்கியிருக்கிறாள். அதுவும் அரிசி டின் மேல்தான் இருக்கும். நேற்று எடுத்துப் பார்த்தேன். முக்கால்வாசி நிரம்பிவிட்டது. முழுக்கத் தெலுங்கு. எனக்குத் தெலுங்கு பேசத்தான் தெரியும், வாசிக்கத் தெரியாது.